கிட்னியைக் கெடுத்ததே எதிர்ப்பு சக்திதானாம். அதைக் கூட்டக் கஷாயம் கொடுக்கலாமா?

பவானிக்கரை:

வணக்கம். அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. போன மாதம் ஒரே சோர்வு, வாந்தி, சோறு இறங்கவில்லை. ரத்தம் பார்த்ததில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 4.8. போன வருடம் கண் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தபோது 0.9தான். ஆனால் சிறுநீர் வழக்கம்போலப் போனது, கால் வீக்கமும் இல்லை. ஸ்கேனில் கல், அடைப்பு எதுவும் இல்லை. கடைசியில் பயாப்ஸி எடுத்து, 'மருந்தால் வந்த இடைத்திசு அழற்சி' என்றார்கள்.

சந்தேகப்படுவது பான்டோபிரசோல் கேஸ் மாத்திரையை. முட்டிவலி மாத்திரையோடு சேர்த்து எழுதிக் கொடுத்தது. வலி போனதும் அந்த மாத்திரையை விட்டுவிட்டார், இதை மட்டும் விடவில்லை. மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கி, காலை டீக்கு முன்னால் போட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது அதை நிறுத்திவிட்டு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். எதிர்ப்பு சக்தி கிட்னியைத் தாக்குகிறது, அதை அடக்கவே இந்த மாத்திரை என்கிறார் டாக்டர். எதிர்ப்பு சக்தி இல்லாததால்தான் கிட்னி கெட்டது என்று பெரியம்மா தினமும் சீந்தில் கஷாயம் காய்ச்சி எடுத்து வருகிறார். கூட்டணுமா, குறைக்கணுமா? கிருமியே இல்லாதபோது எதிர்ப்பு சக்தி யாரோடு சண்டைக்குப் போகும்?

லேப் செல்வி:

தம்பி, நான் டாக்டர் இல்லை. மதுரையில் பயாப்ஸி லேபில் ஸ்லைடு போடுகிறவள். மருந்தைப் பற்றி உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

ஊசியில் எடுத்த சதை எங்களிடம் நூல் தடிமனில்தான் வரும். அதை மெழுகில் பதித்து, இரண்டு மூன்று மைக்ரான் கனத்தில் சீவிச் சாயம் ஏற்றுவோம். நல்ல கிட்னியில் சிறுநீர் நுண்குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக இருக்கும், நடுவில் இடமே தெரியாது. உங்கள் அப்பாவுக்கு வந்த நோயில் அந்த இடுக்கு நீர் கோத்து அகன்றுவிடும். அதற்குள் கருநீலப் பொட்டுகளாக லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்பு செல்கள் மொய்த்துக் கிடக்கும். பாஸ் என்ற சாயம் ஏற்றினால் குழாயின் வெளிச்சவ்வு கத்தரிப்பூ நிறக் கோடாகத் தெரியும். சில லிம்போசைட்டுகள் அந்தக் கோட்டைத் தாண்டிக் குழாய்ச் சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததுமே எங்கள் மேடம் 'ம்' என்பார். ரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். குழாய்கள்தான் வேலையை விட்டிருக்கும். அதனால்தான் சிறுநீர் அளவு குறையாமலே கிரியாட்டினின் ஏறும்.

யாரோடு சண்டை என்று கேட்டீர்களே, மருந்தோடுதான். மருந்தின் துணுக்கு குழாய்ச் சுவரிலுள்ள புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். கிட்னிக்குள் காவல் இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் அதைப் பிடித்து, டி செல்கள் என்ற லிம்போசைட்டுகளிடம் காட்டும். அன்னியப் பொருள் என்று முடிவானால் கூட்டம் சேர்ந்துவிடும். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலில் தடிப்பு வருமே, அது கிட்னிக்குள் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு கூடியதால் வரும் விஷம் இல்லை இது. ஆயிரம் பேர் அதே மாத்திரையைப் போட்டும் ஒன்றும் ஆகாமல் இருப்பது அதனால்தான்.

இது புதுக் கதையும் இல்லை. 1898இல் போஸ்டனில் கவுன்சில்மன் என்ற மருத்துவர், டிப்தீரியாவிலும் ஸ்கார்லெட் காய்ச்சலிலும் இறந்தவர்களின் கிட்னியில் இதையே பார்த்தார். இடுக்கெல்லாம் செல்கள், ஆனால் அந்தச் சதையில் கிருமி இல்லை.

காய்ச்சல், தோல் தடிப்பு, ரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளணு உயர்வு, மூன்றும் சேர்ந்து வருவது பத்தில் ஒருவருக்குத்தான். கேஸ் மாத்திரையால் வருவது பெரும்பாலும் சத்தமே இல்லாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வரும். மிட்டாய் மாதிரி அதை எடுத்து நீட்டும் கடைக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், சரி விடுங்கள்.

திருச்சி நெஃப்ரோ:

செல்வி சொன்னது சரி. கூட்டணுமா குறைக்கணுமா என்றால், இப்போதைக்குக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் திடீர்க் கிட்னி பாதிப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. பேதியில் பிரஷர் இறங்கிக் கிட்னி அடிபட்டாலும் உள்ளே எதிர்ப்பு செல்கள் வரும். செத்த குழாய்ச் செல்களிலிருந்து கசியும் பொருள்களே அபாயச் சங்கை ஊதிவிடும், முதலில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து சேதத்தைக் கூட்டும். அப்புறம் வரும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களில் ஒரு பகுதி குணம் மாறி, குப்பையை அள்ளிப் பழுதுபார்க்கும். அதனால் அங்கே யாரும் ஸ்டீராய்டு கொடுப்பதில்லை. உங்கள் அப்பாவுக்குக் கொடுப்பது பயாப்ஸி காட்டியதால். அழற்சி நீடித்தால் அந்த இடுக்கு தழும்பாகிவிடும், தழும்பை எந்த மாத்திரையும் கரைக்காது. அதுதான் அவசரம்.

சீந்தில் வேண்டவே வேண்டாம். கொரோனா காலத்தில் அதைக் குடித்தவர்களுக்கு, எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் வகை அழற்சி வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்தச் சர்ச்சை எப்படியோ போகட்டும், ஸ்டீராய்டில் இருப்பவருக்கு இது தேவையில்லாத வேலை. பிரெட்னிசலோனை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள்.

முல்லைவீடு:

என் பையனுக்கும் 'எதிர்ப்பு சக்தியால்' என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஸ்டீராய்டே தரவில்லை! காலில் சிரங்கு வந்து ஆறிய பிறகு முகம் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ரத்தத்தில் சி3 என்ற எதிர்ப்பு சக்திப் புரதம் குறைவு. உப்பைக் குறைத்து, பிரஷருக்கும் வீக்கத்துக்கும் மட்டும் மருந்து கொடுத்தார்கள், தானாகச் சரியானது. இது ஏன் இப்படி?

திருச்சி நெஃப்ரோ:

அது வேறு ஆள், அம்மா. சிரங்குக் கிருமிக்கு எதிராக உருவான ஆன்டிபாடி, கிருமித் துணுக்கோடு சேர்ந்து வடிகட்டும் முடிச்சில் படிந்துவிடும். கிருமி ஒழிந்தால் படிவதும் நிற்கும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும், சி3 ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பழைய நிலைக்கு வரும். வரவில்லை என்றால்தான் வேறு நோயா என்று தேடுவோம்.

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கிரியாட்டினின் இப்போது 2.6. கஷாயத்தை நிறுத்தியாகிவிட்டது, பெரியம்மாவுக்குத்தான் வருத்தம். ஒரே தொல்லை, மாத்திரையை நிறுத்தியதிலிருந்து அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் முன்னைவிட அதிகம். வேறு கம்பெனி மாத்திரை வாங்கலாமா?

திருச்சி நெஃப்ரோ:

கம்பெனியை மாற்றிப் பயனில்லை. ஒமெப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்றிலும் திரும்ப வரலாம். நீண்ட நாள் போட்டு நிறுத்தினால் அமிலம் கொஞ்ச காலம் கூடுதலாகச் சுரக்கும், பிறகு அடங்கும். ஃபாமோடிடின் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கிட்னி இந்த நிலையில் இருக்கும்போது அளவைக் குறைத்துத்தான் எழுதுவார். பான்டோபிரசோல் ஆகாது என்று ஒரு சீட்டில் எழுதி அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதலில் போடும் ஊசிகளில் அதுவும் ஒன்று.