சாமி அறை மணிக்கூடும் என் வேலையும்

வெள்ளவத்தையிலிருந்து:

மென்பொருள் உள்ளமைவு முகாமைத்துவம் என்று என் வேலையைச் சொன்னால் கலியாண வீடுகளில் அடுத்த கேள்வி வராது. "கம்பியூட்டர் வேலை" என்று அம்மாவே முடித்துவிடுவார். நான் நிரல் எழுதுவதில்லை. எழுதியதில் எது எந்தப் பதிப்பு, அதை யார், எப்போது, ஏன் மாற்றினார், வாடிக்கையாளரிடம் ஓடுவதும் எங்கள் பதிவில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் என் பாடு. கணக்குப்பிள்ளை உத்தியோகம் என்று நண்பன் கேலி செய்வான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதையே வருடக்கணக்காகச் செய்தால் கண் பழுதாகிவிடுகிறது. போகும் இடமெல்லாம் பதிப்பு எண்ணைத் தேடுகிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் சொல்லுங்கள். முதலில் என் கதை.

1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில், இலங்கையின் மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். கிரீனிச் நேரத்தோடு ஐந்தரை மணி வித்தியாசம் ஆறரை ஆனது. ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து ஆறு ஆக்கினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. முன்கூடத்து மணிக்கூட்டை அப்பா இரண்டு முறையும் ஸ்டூலில் ஏறித் திருத்தினார். சாமி அறை மணிக்கூட்டைத் தொட அம்மம்மா விடவில்லை. அவருடைய கணக்கில் வெள்ளிக்கிழமை இராகு காலம் பத்தரைக்குத் தொடங்கும். புதிய நேரப்படி அது பதினொன்று. "பஞ்சாங்கம் எந்த நேரத்தில் எழுதியிருக்கிறதோ, அந்த நேரத்தில்தான் இந்த மணிக்கூடு ஓடும், பிள்ளை" என்றார். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலும் பழைய நேரமே நீடித்தது. அங்கிருந்து வரும் மாமாவின் கைக்கடிகாரம் சாமி அறையோடு ஒத்துப்போகும், முன்கூடத்தோடு ஒத்துப்போகாது. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்காமல் எங்கள் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் நேரம் குறித்ததில்லை.

2006 ஏப்ரலில், புத்தாண்டோடு, நாடு மறுபடியும் ஐந்தரைக்குத் திரும்பியது. அப்பா திரும்பவும் ஸ்டூலைத் தேடினார். அம்மம்மாவுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பத்து ஆண்டுகள் சுற்றிவிட்டு நாடே அவருடைய மணிக்கூட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அந்த வாரம் நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு சிறிய நிறுவனத்தில் பயிலுநர். ஐந்து சேர்வர்களில் மூன்றுக்கு, கிரீனிச்சிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லும் புதிய நேர வலயக் கோப்பைச் சரியாகப் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டிலும் யாரோ சுவர் மணிக்கூட்டின் முள்ளைத் திருப்புவதுபோல நேரத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தார். இரவு அவை வலையமைப்பு நேரத்தோடு ஒத்திசைந்ததும் பழையபடி அரை மணி முன்னே ஓடத் தொடங்கின. காலையில் பார்த்தால், வாடிக்கையாளர் பொருளைக் கேட்பதற்கு முன்பே பணம் கட்டியிருக்கிறார்! இரண்டு நாட்கள் எல்லோரும் நிரலைக் குடைந்தார்கள். எந்த இயந்திரத்தில் என்ன மாற்றினோம் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மேலாளர் கடைசியில் ஒரு சீ.ஆர். கொப்பியை என்னிடம் தந்தார். "ஒவ்வொரு இயந்திரமாகப் போய்ப் பார்த்து, உள்ளே இருப்பதை எழுது. இருக்க வேண்டியதை எழுதாதே" என்றார். என் தொழில் அந்தக் கொப்பியில்தான் தொடங்கியது.

அதன் பிறகு கண்ணில் படுவதெல்லாம் இதுதான். காலி வீதிக்கு இணையாகப் போட்டதால் பிரதி என்றே பெயர் வாங்கிய வீதி கொழும்பில் இருக்கிறது. பலகையில் ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்று எழுதியிருக்கும். ஓட்டோக்காரரிடம் டூப்ளிகேஷன் ரோடு என்றால்தான் வண்டி நகரும். அரசியலமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் 17ஆம் திருத்தம், உயர் பதவி நியமனங்களைக் கவனிக்கும் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆம் திருத்தம் அதை அகற்றியது, 2015இல் 19ஆம் திருத்தம் மீட்டது, 2020இல் 20ஆம் திருத்தம் மறுபடி அகற்றியது, 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடி மீட்டது. என் குழுவில் ஒருவர் ஒரே கோப்பை இப்படி மாற்றி மாற்றித் திருப்பினால் தனியே கூப்பிட்டுப் பேசுவேன். ஆனாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் உண்டு, திகதி உண்டு, கையொப்பம் உண்டு. அந்த மட்டில் எங்கள் அலுவலகத்தைவிட மேல்.

எனக்குப் பிடித்தது என்னவோ பஞ்சாங்கம்தான். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கிளைகள். இரண்டும் உயிரோடு இருப்பவை, ஒன்றாகப் போவதில்லை. புத்தாண்டு பிறக்கும் நேரம் வேறு, மருத்துநீர் வைக்கும் நேரம் வேறு, உடுக்க வேண்டிய நிறம்கூட வேறு. எது சரி என்று பெரியவர்கள் மல்லுக்கட்டுவதை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். அம்மா அதில் தலையிடுவதில்லை. குசினி நாட்காட்டியில் எந்த நேரத்தைக் குறித்தாலும் பக்கத்தில் நீலப் பேனையால் "வா" அல்லது "தி" என்று ஓர் எழுத்துப் போடுவார். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அடையாளக் குறி போட வைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நான் வங்கிக்காரி. எங்கள் தலைவலி அடையாள அட்டை. பழைய எண் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். பழையதைப் புதியதாக்குவது கடினமில்லை. முன்னால் 19, வரிசை எண்ணுக்கு முன் ஒரு சுழியம், கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். ஆனால் யாராவது அதைச் செய்திருக்க வேண்டுமே. ஒரு முதிய அம்மாவின் நிலையான வைப்பு பழைய எண்ணில், சேமிப்புக் கணக்கு புதிய எண்ணில். கணினிக்கு அவர் இரண்டு பேர். நான் விளக்கி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அப்படியென்றால் மகள், வட்டி எங்கள் இரண்டு பேரில் யாருக்கு?"

தெஹிவளையிலிருந்து:

கட்டடத் துறையில் வரைபடத்தின் மூலையில் திருத்த எழுத்து இருக்கும். புதியது வந்தால் பழையதை வாங்கிக் கிழிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தளத்து மேற்பார்வையாளர் மிகப் பொறுப்பானவர். மழையில் நனையக் கூடாது என்று "பி" திருத்தத்தைச் சொந்தக் காசில் லாமினேட் செய்து கொட்டகையில் மாட்டிவிட்டார். "சி" வந்தது, "டி" வந்தது. வெறும் தாள்கள், இரண்டும் தேநீர்க் கறையோடு மேசைக்கு அடியில் போயின. பளபளவென்று சுவரில் தொங்குவதைத்தானே கொத்தனார் நம்புவார்? ஆறு மாடிகளில் குளியலறைக் கதவு தொட்டியில் இடித்து நின்றது. இப்போது எங்கள் தளங்களில் லாமினேட் செய்யத் தடை.