மரபணுவைத் திருப்பிக் கொடுத்தும் கிளிசராலில் ஈஸ்ட் வளரவில்லை

வெள்ளைக்காலனி:
ரொட்டி ஈஸ்டில் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் புரதம் ஒன்றுக்கான மரபணுவை நீக்கினேன். குளுக்கோஸ் தட்டில் குண்டூசித் தலையளவு காலனிகள், சுவாசிக்க முடிந்த ஈஸ்ட் மட்டுமே வளரும் கிளிசரால் தட்டில் ஒன்றுமே இல்லை. இதுவரை எதிர்பார்த்ததுதான். பிறகு அதே மரபணுவைப் பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமந்து செல்லும் சிறு டி.என்.ஏ.) வைத்து உள்ளே செலுத்தினேன். ஆறு நாள் ஆகியும் கிளிசரால் தட்டு காலியாகவே கிடக்கிறது. பிளாஸ்மிடின் வரிசையை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். வேறெதையோ சேர்த்துச் சிதைத்திருப்பேன், முதலிலிருந்து தொடங்கு என்கிறார் வழிகாட்டி. தொடங்கத்தான் வேண்டுமா?

பழைய கை:
பிளாஸ்மிடைத் திட்டாதீர்கள், அது தன் வேலையைச் செய்திருக்கும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதத் தயாரிப்பு நின்றுபோனால் ஈஸ்ட் தன் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுதாக வைத்துக்கொள்வதில்லை. சுமார் 85,000 கார இணைகள் கொண்ட அந்த வளையத்தில்தான் சுவாசச் சங்கிலிக்கும் ஏடிபி சின்தேஸுக்கும் வேண்டிய ஏழு புரதங்களின் மரபணுக்கள் இருக்கின்றன. உட்கரு மரபணுவை நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள். தொலைந்த வளையத்தை யார் கொடுப்பது?

சோதிப்பது எளிது. எதிர் இணைவகை ஈஸ்ட் ஒன்றை எத்திடியம் புரோமைடில் வளர்த்து ரோ-ஜீரோவாக்கி (அதாவது வளையமே இல்லாததாக்கி), உங்கள் ஈஸ்டுடன் கலந்து, இரண்டும் இணைந்த இருமடியம் எடுங்கள். உட்கரு மரபணு அதிலிருந்து வந்துவிடும், வளையம் உங்களுடையதிலிருந்துதான் வர வேண்டும். கிளிசராலில் அது வளராவிட்டால் உங்களுடையதிலும் வளையம் போய்விட்டது என்று பொருள். ஆனால் அதை வைத்து 'குறை உட்கருவில் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்; வளையத்தைத் தொலைத்ததே உட்கருக் குறைதான். நான் ஒரு முறை அப்படி எழுதி, குழுக்கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நுரை:
சுவாசிக்க முடியாத இந்தக் குட்டிக் காலனிகள், அதாவது பெட்டீட் காலனிகள், தாமாகவே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் முளைக்கும், சில ஆய்வக வகைகளில் இன்னும் கூடுதல். எனவே தாய் ஈஸ்டையும் கிளிசராலில் போட்டுப் பாருங்கள். ஏடிஇ2 என்ற மரபணு பழுதான எங்களுடைய ஈஸ்ட் சிவப்பாக வளர வேண்டியது. நடுவே வெள்ளைக் காலனிகள் வந்ததும் மாசு என்று நினைத்து மூன்று வாரத் தட்டுகளைத் தூக்கி எறிந்தேன். சுவாசம் இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு நிறமி சேராது என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த முறை பிளாஸ்மிடை முதலில் ஏற்றிவிட்டு, அதன் பின் மரபணுவை நீக்குங்கள். புரதத் தயாரிப்பு நிற்காது, வளையமும் தொலையாது.

வெள்ளைக்காலனி:
ரோ-ஜீரோவுடன் கலந்தேன், கிளிசராலில் வளரவில்லை. இயல்பான ஈஸ்டுடன் கலந்ததில் கிளிசராலில் வளர்ந்த இருமடியங்களை மட்டும் பொறுக்கி ஸ்போர் எடுத்தேன். பிரித்த பதினொரு பைகளிலும், பைக்கு நான்கு ஸ்போரில் இரண்டு கிளிசராலில் வளர்ந்தன, இரண்டு வளரவில்லை. வளராதவை அனைத்திலும், நீக்கிய மரபணுவின் இடத்தில் வைத்த அடையாள மரபணு இருக்கிறது. ஆக, குறை அந்த ஒரு நீக்கத்தோடுதான் போகிறது, வேறெதையும் சிதைத்ததாகத் தெரியவில்லை. வழிகாட்டி தட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, தொடங்க வேண்டாம்" என்றார்.

பழைய கை:
தாய் ஈஸ்டைக் கிளிசராலில் வளர்த்த பிறகே உறைபெட்டியில் வையுங்கள். பெட்டீட் எதுவும் ஒளிந்து உள்ளே போகாது.