தலைமறைவுத் துளையா, தட்டைக்குடைவா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய அமெரிக்க பிக்கப் வண்டியின் மரத்தளத்தைப் புதுப்பிக்கும் முறை பற்றிய குறிப்பைத் தமிழாக்கிவரும் நண்பர், போல்ட்டின் தலை பலகை மட்டத்துக்குக் கீழே அடங்கும்படி போடப்படும் துளைக்கு, அதாவது பட்டறைகளில் கவுண்டர்போர் எனப்படுவதற்கு, நம் குழுவில் ஒரு சொல் கேட்டிருந்தார். எதிர்த்துளை, பள்ளத்துளை, தலைமறைவுத் துளை என மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றும் எனக்கு நிறைவளிக்கவில்லை. அதற்கான காரணத்தை, லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற எங்கள் நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து வேலையை வைத்தே விளக்க முயல்கிறேன்.

மரத்தளம் போடும் லாரியில், வண்டியின் அடிச்சட்டகமான சேசிஸின் மேல் குறுக்காகக் கிடக்கும் சட்டங்களோடு தளப்பலகைகளைப் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். போல்ட்டின் தலை பலகைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால், ஈரோட்டு மஞ்சள் மூட்டையை இழுத்து அடுக்கும்போது சாக்கு அதில் மாட்டிக் கிழியும். மணலோ ஜல்லியோ ஏற்றினால், வாரித் தள்ளும் மண்வெட்டியின் வாய் ஒவ்வொரு தலையிலும் இடறும். ஆகவே முதலில் துளைபோடும் அலகான பிட்டில் அகலமானதைப் பலகையின் கனத்தில் ஓரளவுக்கு மட்டும் இறக்கி, பிறகு அதன் நடுவிலிருந்து போல்ட்டின் தண்டு போகும் அளவுக்குச் சிறிய துளையை அடிவரை விட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. சிறிய துளையை முதலில் போட்டுவிட்டால், அகலமான பிட்டின் நடுமுனைக்குப் பிடிமானமாக மரம் இருக்காது. பிட் அலைந்து, வாயோரம் பிய்ந்து, அடித்தளம் கோணிவிடும். அடித்தளம் சமமாக இல்லையென்றால் வாஷர் ஒரு பக்கம் மட்டுமே அமரும், இறுக்கமும் ஒரு பக்கத்துக்கே போகும்.

அளவுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 12 மி.மீ. அறுகோணத் தலை போல்ட்டின் தலை உயரம் 7.5 மி.மீ., அதற்கான சாதாரண வாஷரின் கனம் 2.5 மி.மீ. இரண்டும் அடங்கப் 10 மி.மீ. ஆழம் போதும் என்றாலும், தலை சற்றுக் கீழே இருக்கட்டும் என்று 12 மி.மீ. இறக்கலாம், 38 மி.மீ. பலகையானால் வாஷருக்கு அடியில் 26 மி.மீ. மரம் மிஞ்சும். வாஷரின் விட்டம் 24 மி.மீ. என்பதைப் பார்த்துவிட்டு அதையொட்டியே துளை போட்டால், பாக்ஸ் ஸ்பேனர் உள்ளே இறங்காது. ஸ்பேனரின் வெளிச்சுவருக்கும் இடம் வேண்டுமென்பதால் 30 மி.மீ. வரை போவது நல்லது.

ஸ்பேனர் இறங்க வேண்டும் என்பதில்தான் தலைமறைவுத் துளை என்ற சொல் அடிபட்டுப்போகிறது. பச்சை வாடை முழுவதும் போகாத பலகை வெயிலில் காய்ந்து சுருங்கும்போது போல்ட் தளரும். அதைத் திரும்ப இறுக்கியே ஆக வேண்டும். மேசை நாற்காலி செய்பவர்கள் மேலே மரத்தக்கை அடித்துத் தலையை மூடிவிடலாம், சரக்கு வண்டியில் அப்படிச் செய்தால் பிறகு அதைத் தோண்டி எடுப்பதே வேலையாகிவிடும். போல்ட்டின் தலை இங்கே மறைவதில்லை, தாழ்ந்து அமர்கிறது. தவிரவும், தலைமறைவு என்றாலே நமக்குக் காவல்துறை தேடும் ஆள்தான் நினைவுக்கு வருவார்.

எதிர்த்துளை ஆங்கிலத்தின் முன்னொட்டை அப்படியே பெயர்த்தது. எதற்கு எதிர் என்று தச்சர் கேட்டால் நம்மிடம் விடை இருக்காது. பள்ளத்துளை அவ்வளவு மோசமில்லை, ஆனால் பள்ளம் என்பது மேற்பரப்பின் தாழ்வை மட்டும் சொல்கிறது, வாய்க்கும் அடிக்கும் ஒரே விட்டம், அடி மட்டமானது என்ற குறிப்பு அதில் இல்லை. இருக்கும் பட்டறை வழக்கையே எடுத்துக்கொள்ளலாமே என்று அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். கவுண்டர் என்று மட்டும் சுருக்கிச் சொன்னால் அது கவுண்டர்போரா, சாய்வுத்தலைத் திருகு அமரக் கூம்பு வடிவில் எடுக்கும் கவுண்டர்சிங்கா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. அதோடு, கொங்கு நாட்டுப் பட்டறையில் வந்து நின்று "கவுண்டர் எங்கே?" என்றால் முதலாளியைத்தான் கைகாட்டுவார்கள்.

என் முன்மொழிவு குடைவு என்பதை அடிச்சொல்லாகக் கொள்வது. துளை என்றால் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிவருவது என்பதே இயல்பாக மனத்தில் எழும் பொருள். திண்மையான ஒன்றின் உள்ளே குறிப்பிட்ட அளவுக்குச் சென்று நின்றுவிடுவதைக் குடைதல் என்கிறோம். நாமக்கல் மலையில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் பாறையில் எடுக்கப்பட்ட கோயில்களைக் குடைவரை என்கிறோமே தவிர, துளைவரை என்று யாரும் சொல்வதில்லை. நம் பலகையில் இரண்டும் உள்ளன: மேலே ஆழம் குறிக்கப்பட்ட குடைவு, அதன் நடுவே அடிவரை செல்லும் துளை. ஆகவே கவுண்டர்போருக்குத் தட்டைக்குடைவு என்றும், கவுண்டர்சிங்குக்குக் கூம்புக்குடைவு என்றும் சொல்லலாம். பொறியியல் வரைபடத்திலும் முன்னதற்கு அடி தட்டையான குறியும் பின்னதற்கு 'வி' வடிவக் குறியும் இடப்படுவதால், வரைபடத்தைப் பார்ப்பவருக்குச் சொல்லும் குறியும் ஒன்றாகவே தெரியும்.

இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் விட்டுவிடக் கூடாது. கூம்புக்குடைவில் அமரும் சாய்வுத்தலைத் திருகு, இறுக்க இறுக்க ஆப்புப் போல மரத்தை இருபுறமும் தள்ளும். பலகையின் ஓரத்தில் அது வெடிப்பில் முடியலாம். தட்டைக்குடைவில் வாஷர் சுமையைப் பரப்பி நேர்கீழாக அழுத்துவதால் அந்த அச்சம் குறைவு. கூம்புக்குடைவுக்குக் கோணமும் தேவை: மெட்ரிக் திருகுகளுக்குப் பொதுவாக 90 பாகை, அமெரிக்க அங்குலத் திருகுகளுக்கு 82 பாகை. மூலக்குறிப்பு அமெரிக்காவில் எழுதப்பட்டது என்பதால், நண்பர் அங்கே வரும் எண்ணை மாற்றாமல் விடுவதே சரி.

குடைவு என்றதும் குடைச்சல் நினைவுக்கு வருகிறதே என்று சிலர் சொல்லக்கூடும். வரட்டும், காது குடைவதும் வண்டு மரத்தைக் குடைவதும் இதே வினைதான். வினையாகச் சொல்லும்போது "தட்டைக்குடைவு எடு" என்பது மரத்தில் நீளப் பள்ளம் வெட்டுவதற்குப் பட்டறையில் சொல்லும் "காடி எடு" என்ற வழக்கோடு ஒத்துப்போகும். கருவிக்குத் தனிச்சொல் தேடி நான் அலையவில்லை. குடைவு பிட் என்றாலே போதும். அதைக் குடை பிட் என்று சுருக்கினால் மட்டும் மழைக்காலத்துப் பொருள் வந்துவிடும்.

நண்பரின் குறிப்பில் வரும் சொற்றொடரை இப்படி எழுதிப் பார்த்தேன்: "பலகையின் மேல்முகத்தில் 30 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. ஆழமும் உள்ள தட்டைக்குடைவை எடுத்து, அதன் நடுப்புள்ளியில் 13 மி.மீ. துளையை அடிவரை போடவும். குடைவின் சுவரிலும் அடியிலும் வெட்டுப்பட்ட இழைகள் நீரை உறிஞ்சுமென்பதால், போல்ட்டைப் போடுமுன் அங்கே பெயிண்ட் பூசிக் காயவிடவும்." படிக்க இடறுகிறதா என்று சொல்லுங்கள்.

ஒரு வகை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர மறுக்கிறது. வார்ப்புப் பொருளின் கரடுமுரடான முகத்தில், நட்டு சமமாக அமரும் அளவுக்கு மட்டும் மெல்லச் சீவி எடுக்கிறார்களே, அந்த ஸ்பாட்ஃபேஸ். அதில் ஆழம் என்று சொல்ல ஒன்றுமில்லாததால் குடைவு பொருந்தாது. தளமெடுப்பு என்று சொல்லலாமா என்ற எண்ணம் இருக்கிறது. கோவையில் பம்பு வார்ப்பு வேலையோடு பழக்கமுள்ளவர்கள் தங்கள் பட்டறையில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால், அதைக் கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.

அன்புடன்,
திருச்செங்கோட்டிலிருந்து ஓர் உறுப்பினர்