சிங்கப்பூரில் ஸ்மால் கிளைம்ஸ் (சிறு கோரிக்கை நடுவர் மன்றம்) போனவர்கள் இருக்கிறீர்களா?
அண்ணன்மார், அக்காமார்களே, ஒரு உதவி வேண்டும். சமையலறை அலமாரி செய்து தருவதாகச் சொன்ன காண்டிராக்டர் 4,200 வெள்ளி வாங்கிக்கொண்டு, பாதி வேலையோடு ஆளைக் காணோம். ஃபோன் எடுப்பதில்லை, வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, நாமேதான் பேச வேண்டும் (எனக்கு அதுதான் உதறல்!). இணையத்தில் பதிந்ததும், முதலில் பதிவாளர் முன் சமரசப் பேச்சு, அதில் முடியாவிட்டால்தான் நடுவர் விசாரணை என்பது வரை புரிந்துவிட்டது.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: எழுத்து ஒப்பந்தம் கிடையாது, வாட்ஸாப் பேச்சும், பேநவ் (வங்கி வழியாக உடனடியாகப் பணம் அனுப்பும் சேவை) ரசீதும்தான் இருக்கின்றன. அது போதுமா? அம்மா பெயரில் உள்ள கணக்கிலிருந்துதான் பணம் போனது. அவருக்குத் தமிழ் மட்டும்தான் வரும், மொழிபெயர்ப்பாளரை எப்போது கேட்டீர்கள்? அப்புறம், தீர்ப்பு வந்த பிறகும் அந்த ஆள் பணம் தராவிட்டால் என்ன செய்தீர்கள்? உண்மையில் என் பெரிய கவலை அதுதான்.