மூன்றாம் வகுப்பில் வாசிப்புத் திணறல்: பள்ளியில் எப்படிக் கேட்பது?

குறிஞ்சிப்பாடி, ஒரு தாய்:
வணக்கம். என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவள், முன்பு பார்த்திராத பத்தியைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டவே திணறுகிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர்; ஆசிரியர்களைப் புண்படுத்தாமல் இதை எவ்வாறு எடுத்துச் சொல்வது?

நெல்லிக்குப்பம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
அம்மா, மதிப்பெண்ணைக் கேட்காமல், மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று கேளுங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்து அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்க வேண்டும். ஆனால் ஒருமுறை அரும்பு என்று குறித்த பிள்ளையை மறுபடி சோதிக்காமலே விட்டுவிடும் வகுப்புகளைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். நான் பணியில் இருந்தபோது வாரந்தோறும் ஐந்து பிள்ளைகளை அருகில் அமர்த்தி வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலோர் தடுமாறியது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் எழுத்துகளில்தான். அதைக் கண்டுகொண்ட பிறகு, முழுப் பாடத்தையும் திரும்ப நடத்தாமல் அந்த எழுத்துகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி கொடுத்தோம்.

கடலூர், தொடக்கப் பள்ளி ஆசிரியை:
ஐயா சொல்வது சரியே. எனினும் கல்வி உரிமைச் சட்டப்படி 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர்கள்தாம். ஐந்து வகுப்புகளையும் இருவரே கவனிக்கும் பள்ளியில் தனிப் பயிற்சிக்கு நேரம் கிடைப்பது மிகக் கடினம். குழுக் கூட்டத்தில் குறை சொல்வதற்கு முன், வாசிப்புக்கென நாளும் அரை மணி நேரம் ஒதுக்க எது தடையாக உள்ளது என்று கேளுங்கள், சகோதரி. எங்களிடம் அப்படிக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

குறிஞ்சிப்பாடி, ஒரு தாய்:
இருவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் அந்த அரை மணி நேரத்தைப் பற்றியே முதலில் கேட்கிறேன்.