ஃப்ரிட்ஜ் இரண்டு நாள் ஓடவில்லை: திறந்த சாஸ், மயோனைஸ் எல்லாவற்றையும் எறிய வேண்டுமா?

வெண்பனி:
அனைவருக்கும் வணக்கம். வெளியூர் போய்த் திரும்பினால் ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருக்கிறது. குறைந்தது 2 நாள் ஆகியிருக்கும். உள்ளே அறையைப் போலவே வெதுவெதுப்பு. பாலையும் சமைத்து வைத்திருந்ததையும் உடனே கொட்டிவிட்டேன். கதவுத் தட்டுக்கு வரும்போதுதான் கை தயங்குகிறது. கெட்சப், கடுகு சாஸ், சோயா சாஸ், சிப்பி சாஸ், மயோனைஸ், சர்க்கரை குறைத்த ஜாம், தேன் எல்லாம் திறந்தவை. ஊருக்குக் கிளம்பும் முன் நானே செய்த பூண்டு எண்ணெயும் ஒரு குடுவை உண்டு. எதிலும் கெட்ட வாடை இல்லை.

கெட்சப் கடையில் வெறும் அலமாரியில்தான் இருந்தது. பிறகு ஏன் ‘திறந்தபின் குளிரில் வைக்கவும்’ என்று அச்சிடுகிறார்கள்? வீட்டில் எழுபதைக் கடந்த மாமியாரும் எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறார்கள். வீணாக்கவும் மனமில்லை, துணியவும் மனமில்லை.

தென்றல்:
வாடையும் பூஞ்சையும் இல்லையென்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எங்கள் வீட்டில் கெட்சப்பும் கடுகு சாஸும் எப்போதும் மேசையில்தான் இருக்கும். இதுவரை யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

முகில்:
உணவு ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கெட்சப்புக்கும் கடுகு சாஸுக்கும் தென்றல் சொல்வது சரி. பூண்டு எண்ணெய்க்கு அந்தக் கணக்கு ஆகாது. வெண்பனி, முதலில் அந்தக் குடுவையை மூடியபடியே ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். ருசி பார்க்க வேண்டாம்.

பூண்டு மண்ணில் விளைவது. அதில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் விதைத்துகள்கள் ஒட்டியிருக்கக்கூடும். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடத்தில்தான் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். எண்ணெயில் மூழ்கிய பூண்டு அதற்கு அப்படியே பொருந்துகிறது. அந்த நஞ்சுக்கு வாடை, நிறம், சுவை எதுவும் கிடையாது. முகர்ந்து கண்டுபிடிக்கவே முடியாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். காரணம், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு. குளிரில் வைக்கச் சொல்லி அந்தக் குடுவையின் மீது எழுதியிருந்தும் வெளியே வைத்திருந்தார்கள்.

வெண்பனி:
படித்ததுமே கட்டிப் போட்டுவிட்டேன். நெஞ்சு படபடக்கிறது. மற்றவற்றை என்ன செய்வது?

முகில்:
நல்லது. மற்றவற்றில் பெரும்பாலானவை தப்பிவிடும்.

புளிப்பு, உப்பு, சர்க்கரை ஆகிய மூன்றில் ஒன்றாவது கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6-க்குக் கீழே போனால் மேலே சொன்ன கிருமி வளராது. கெட்சப் 4-க்கும் சற்றுக் கீழே நிற்கும். கடுகு சாஸிலும் வினிகர் உண்டு. சோயா சாஸில் உப்பின் கனமே காவல். இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைக் குளிரில் வைக்கச் சொல்வது பெரும்பாலும் சுவைக்காகவும் நிறத்துக்காகவும்தான். திறந்த கெட்சப் வெளியே ஏறத்தாழ ஒரு மாதம், குளிரில் ஆறு மாதம் நன்றாக இருக்கும். கடையில் இருந்தபோது அது முத்திரை உடையாத பாட்டில். திறந்த பிறகு காற்றும் நம் கரண்டியும் உள்ளே போகின்றன.

மயோனைஸையும் சிப்பி சாஸையும் எறிந்துவிடுங்கள். கடை மயோனைஸில் வினிகர் இருப்பதால் பலர் பயப்படும் அளவுக்கு அது மோசமில்லை. ஆனால் திறந்த மயோனைஸ் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் 8 மணி நேரத்தைத் தாண்டினால் எறியச் சொல்கிறது அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டி. அதே பட்டியலில் சிப்பி சாஸும் எறிய வேண்டியவற்றில்தான் வருகிறது. முதியவரும் குழந்தையும் உள்ள வீட்டில் இதில் பேரம் பேச வேண்டாம்.

ஜாமில் சர்க்கரை குறைவு என்பதால் பூஞ்சை எளிதில் பிடிக்கும். மூடியின் உட்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு புள்ளி தென்பட்டாலும் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது, முழுவதையும் எறிய வேண்டும். சுத்தமாக இருந்தால் மீண்டும் குளிரில் வையுங்கள்.

தென்றல்:
பூண்டு எண்ணெய் பட்டியலில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. வாடையை நம்பச் சொன்னது தவறு, மன்னியுங்கள். இனி அதைச் செய்தால் எத்தனை நாள் வைக்கலாம்?

முகில்:
குளிரில் 4 நாள், அதற்கு மேல் வேண்டாம். அதிகமாகச் செய்துவிட்டால் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.

மழைச்சாரல்:
தேனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தேனுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை அம்மா. குளிரில் உறைந்து மணல்மணலாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் குடுவையை வைத்தால் பழையபடி இளகும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் துளியும் கொடுக்காதீர்கள். தேனிலும் அதே கிருமியின் விதைத்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அது பொதுவாக முளைப்பதில்லை, பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்துவிடும். நாக்கில் தடவிப் பார்க்கலாமே என்று யாராவது பாசத்தோடு சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

வெண்பனி:
மாமியாரிடம் இப்போதே சொல்லிவிட்டேன், அவரும் புரிந்துகொண்டார். மயோனைஸும் சிப்பி சாஸும் போய்விட்டன. ஜாம் மூடியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது, அதையும் எறிந்துவிட்டேன். கெட்சப்பின் மேலே மட்டும் தண்ணீர் பிரிந்து நிற்கிறது. இது கெட்டதற்கு அடையாளமா?

முகில்:
இல்லை. அப்படிப் பிரிவது இயல்பு, குலுக்கினால் சேர்ந்துவிடும். நுரைத்தாலோ, திறக்கும்போது காற்று சீறினாலோ, பாட்டில் உப்பியிருந்தாலோ எறியுங்கள். ஃப்ரிட்ஜைப் பழுது பார்த்ததும் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். 4 டிகிரியைத் தாண்டக் கூடாது. கதவுத் தட்டுதான் அடிக்கடி சூடேறும் இடம் என்பதால் புது மயோனைஸை உள்தட்டில் வையுங்கள்.

வெண்பனி:
பழுது பார்ப்பவர் நாளை வருகிறார். வெப்பமானி வாங்கிவிட்டேன். தேன் சமையலறை அலமாரிக்கு, குழந்தையின் கைக்கு எட்டாத மேல்தட்டுக்குப் போய்விட்டது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.