நறுமண எண்ணெய்: எடுக்கும் முறையும் தடவும் அளவும்

கேள்வி: லாவெண்டர் எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் ஒரே முறையில்தான் எடுக்கப்படுகின்றனவா? அவற்றைத் தோலில் அப்படியே தடவலாமா?

பதில் 1: இல்லை. லாவெண்டர் பூக்களின் ஊடே நீராவியைச் செலுத்தி, அது சுமந்து வரும் வாசனைச் சேர்மங்களைக் குளிரவைத்தால், எண்ணெய் பிரிந்து நீரின்மேல் மிதக்கும்; கிராம்பு எண்ணெயோ கனமானது என்பதால் அடியில் தங்கிவிடும். எலுமிச்சைத் தோலைப் பெரும்பாலும் சூடாக்காமல் பிழிவார்கள். அதனால் ஃபியூரோகூமரின்கள் எனும், வெயில் பட்டால் தோலைத் தாக்கும் சேர்மங்களும் எண்ணெயில் சேர்ந்துவிடுகின்றன. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் புண்ணாகலாம்.

பதில் 2: அப்படியே தடவ வேண்டாம். 30 மில்லி பாதாம் எண்ணெயில் 12 சொட்டு கலந்தால் ஏறத்தாழ 2 சதவீதம், அதுவே போதும். இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

பதில் 3: யூகலிப்டஸ் எண்ணெயைக் குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரக்கூடும், வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.